வந்த காரணம்

பேட்டை தாண்டி, தென்காசி ரோட்டில்
எங்கள் கல்லூரியின் இரண்டாம் மாடி.
முன்பு ரசாயனம் அடுக்கி வைத்த அறை.
இப்போதும் மழைக்கு முந்தின நாள்
சுவரிலிருந்து லேசாக ஒரு காரம் எழும்பும்.
கதவில் 'உதவி மையம்' என்று ஒட்டியிருந்தார்கள்.
பிள்ளையார் சுழி முதலில் உரிந்து விழுந்தது.
பிறகு எல்லாருக்கும் அது
தவி மையம்.

செவ்வாய், வெள்ளி. நாலு பத்திலிருந்து
ஐந்து நாற்பது பஸ் வரை நான் இருப்பேன்.
ஜெபக்கனி, கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலாம் வருஷம்.
அரியர் கிடையாது. அது ஒன்றுதான் தகுதி.

மேசையில் ஒரு நோட்டு. நாலு கட்டம்:
தேதி, பெயர், வருஷம், வந்த காரணம்.
கடைசிக் கட்டத்தில் எல்லாரும் பொய் எழுதுவார்கள்.

'ரெஸ்யூம் திருத்த' என்று எழுதின ஷேக் மதார்
பையிலிருந்து எடுத்தது ஃபீஸ் கட்டாத நோட்டீஸ்.
'ஜாவா சந்தேகம்' என்ற பிரமநாயகத்துக்கு
ஜாவாவில் சந்தேகமே இல்லை;
படிப்பை விட்டுவிட்டு மாமாவோடு
மஸ்கட் போகலாமா என்பதில்தான்.
ஒருவன் மட்டும் 'சும்மா' என்று எழுதினான்.
உண்மைதான். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து
காற்று வாங்கிவிட்டுப் போனான்.

முப்பிடாதி வந்தது ஆனிக் கடைசியில்,
சாரல் காற்று ஜன்னலைப் போட்டு அடித்த நாள்.
முக்கூடலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்,
இரண்டாம் வருஷம், மூன்று அரியர்.
காரணக் கட்டத்தில் 'பாயிண்டர்' என்று எழுதி,
அடித்து, 'பாயின்டர்' என்று எழுதி,
அதையும் அடித்திருந்தாள்.

"அக்கா, மதிப்பு எங்கன இருக்குன்னு சொல்லுது,
மதிப்பைச் சொல்ல மாட்டுக்கு.
இது என்னத்துக்கு?"

வீட்டு விலாசம், தபால் பெட்டி என்று
புத்தகத்தில் உள்ளதையெல்லாம் சொன்னேன்.
தலையாட்டினாள்.
புரியாதவர்கள் ஆட்டும் தலை எனக்குத் தெரியும்,
நானே அப்படி ஆட்டித்தான் இரண்டு செமஸ்டர் தேறினேன்.

நோட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டே அவள்தான் சொன்னாள்:
"பஸ்ஸில ஜன்னல் வழியா கைக்குட்டை போடுவோம்லா.
கைக்குட்டை ஆளு இல்ல.
ஆனா ஆளு எங்கன உட்காரும்னு காட்டும்.
சரி, ஆளு எந்திரிச்சுப் போயாச்சு,
கைக்குட்டை மட்டும் கிடக்கு. அப்போ?"

"அதுக்குப் பேரு டாங்கிளிங் பாயிண்டர்."

"சண்டைல்லா வரும்."

"வரும். புரோகிராம் படுத்துக்கும்."

அன்றைக்கு நோட்டில் வேறு பெயர் விழவில்லை.

ஆவணியில் கம்பெனி வந்தது.
நூற்று எண்பது பேர் இஸ்திரி போட்ட சட்டையில்
செமினார் ஹாலுக்குள் போனோம்.
மூன்றாம் சுற்றில் கண்ணாடிக்காரர் கேட்டது
அதே டாங்கிளிங் பாயிண்டர்.
கைக்குட்டைக்கு இங்கிலீஷ் தெரியும் எனக்கு.
ஆனால் அந்த பஸ், அந்த ஜன்னல்,
"ஏட்டி, எந்தி, இது என் இடம்" என்கிற அந்தச் சண்டை,
ஒன்றும் அந்தப் பக்கம் ஏற மறுத்தது.
"ஓகே" என்றார். பேனாவை மூடினார்.
பதினோரு பேர் லிஸ்டில் என் பெயர் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குப் போனேன்.
அறை திறந்திருந்தது.
என் நாற்காலியில் முப்பிடாதி.
எழுந்திருக்கவில்லை; நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

தேதி எழுதினேன். பெயர் எழுதினேன். நாலு.
காரணத்தில் 'சும்மா'.

எட்டிப் பார்த்தவள் பேனாவை வாங்கி
அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள்.
பிறகு உள்ளங்கையில் எழுதி வைத்திருந்த கேள்வியை
கண்ணாடிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு
இங்கிலீஷில் வாசித்தாள். 'டங்கிலிங்' என்றாள்.
புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன்.

"சிரிச்சா மார்க் கிடையாது. சொல்லுங்க."

முதல் தடவை இரண்டு வரியில் நின்றேன்.
இரண்டாம் தடவை பஸ்ஸுக்குள் ஏறினேன்.
நடுவில் நான் தமிழுக்குத் தாவும்போதெல்லாம்
ஸ்கேலால் மேசையைத் தட்டினாள்.

கீழே ஐந்து நாற்பது ஹாரன் அடித்தது.
நாலாவது தடவை அப்போதுதான் தொடங்கியிருந்தோம்.
அடுத்தது ஆறு இருபது.
அதில் உட்கார இடம் கிடைக்காது.